ஒன்பது திசை, பத்து விரல்: ஃபைட்டிங் கேமுக்கு எந்தக் கன்ட்ரோலர்?

போன கோடை விடுமுறையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிட்டு முடித்த கையோடு அவள் மகன் என்னை அவனுடைய அறைக்கு இழுத்துப் போனான். கணினியில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 ஓடிக்கொண்டிருந்தது. "மாமா, ரியூவ வெச்சு ஷோர்யுகென் போட்டா அவன் பாட்டுக்குக் குதிச்சுடறான். பத்துக்கு ஒண்ணுதான் வருது. இந்த பேட் சரியில்ல. லீவர் வெச்ச பெரிய பாக்ஸ் வாங்கணும். அம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும்" என்றான். ரியூ அந்தச் சண்டை ஆட்டத்து வீரன்; ஷோர்யுகென் அவன் மேலெழும்பிக் குத்தும் அடி.

எனக்கும் லீவர் என்றால் ஒரு ஈர்ப்பு உண்டு. வீடியோ கேம் கடையில் நின்றபடி ஆடி வளர்ந்தவன் நான். கேப்காம் 1993-இல் வெளியிட்ட ஆட்டம் ஒன்றுக்குக் 'கேடிலாக்ஸ் அண்ட் டைனசர்ஸ்' என்று பெயர் இருப்பதே அந்தக் கடைகளில் பலருக்குத் தெரியாது. 'முஸ்தபா' என்று சொன்னால்தான் தெரியும். உருண்டைத் தலை வைத்த லீவரைப் பிடித்த நினைவு இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது. அதனால் அக்காவிடம் பேசுகிறேன் என்று வாக்குக் கொடுக்க வாய் வரை வந்துவிட்டது. அதற்கு முன், அந்தக் குதிப்பை எனக்கு ஒருமுறை காட்டச் சொன்னேன்.

அங்கே கண்டதைச் சொல்வதற்கு முன், ஒரு கன்ட்ரோலர் உண்மையில் என்ன வேலை செய்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். இது புரிந்துவிட்டால் எதை வாங்குவது என்ற கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

விளையாட்டுக்குத் தெரிவது ஒன்பதே திசைகள்

கார் ஓட்டும் விளையாட்டில் ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் திருப்பினால் வண்டி கொஞ்சம் திரும்பும், நிறையத் திருப்பினால் நிறையத் திரும்பும். ஃபைட்டிங் கேம்களில் பெரும்பாலானவற்றில் இந்தக் கொஞ்சமும் நிறையவும் கிடையாது. மேல், கீழ், முன், பின், இவற்றுக்கு இடையிலுள்ள நான்கு மூலைகள், எதையும் தொடாத நடுநிலை. மொத்தம் ஒன்பது. நீங்கள் எந்தக் கருவியைப் பிடித்திருந்தாலும் உள்ளே போய்ச் சேர்வது இந்த ஒன்பதில் ஒன்றுதான்.

ஆட்டக்காரர்கள் இந்த ஒன்பதையும் எண்களால் எழுதுவார்கள். கீபோர்டின் வலப்பக்கம் இருக்கும் எண் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் 5, அதுதான் நடுநிலை. 8 மேல், 2 கீழ். உங்கள் வீரர் வலப்பக்கம் பார்த்து நிற்கிறார் என்றால் 6 முன், 4 பின். 3 என்பது கீழும் முன்னும் சேர்ந்த மூலை, 1 என்பது கீழும் பின்னும் சேர்ந்த மூலை. 7, 9 இரண்டும் பின்னால் குதிக்க, முன்னால் குதிக்க. வீரர் இடப்பக்கம் பார்த்துத் திரும்பிவிட்டாலும் காகிதத்தில் எண் மாறாது. உங்கள் கைதான் கண்ணாடியில் தெரிவதுபோல் மாற வேண்டும்.

ரியூ கையிலிருந்து ஆற்றல் உருண்டை எறியும் ஹடோகென் 236, கூடவே ஒரு குத்து. ஷோர்யுகென் 623, கூடவே ஒரு குத்து. கைல் என்ற வீரரின் சோனிக் பூம் வேறு வகை: 4-ஐ ஒரு விநாடிக்குச் சற்றுக் குறைவாக அழுத்திப் பிடித்திருந்து, சட்டென்று 6-க்குப் போய்க் குத்த வேண்டும். ஸாங்கீஃப் எதிரியைத் தூக்கிச் சுழற்றும் பிடிக்கு லீவரை முழு வட்டம் சுற்ற வேண்டும்.

விளையாட்டு விநாடிக்கு 60 முறை உங்கள் கையைப் பார்க்கிறது. அப்படிப் பார்க்கும் ஒவ்வொரு முறைக்கும் ஃபிரேம் என்று பெயர், ஏறத்தாழ 16.7 மில்லி விநாடி. ஒவ்வொரு ஃபிரேமிலும் எந்த எண் இருந்தது என்று குறித்துக்கொண்டே போகும். நீங்கள் குத்துப் பட்டனைத் தொட்டதும், கடைசியாகக் குறித்த எண்களைத் திரும்பிப் பார்த்து அவற்றில் 236 இருக்கிறதா, 623 இருக்கிறதா என்று தேடும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். உங்கள் கட்டைவிரல் எவ்வளவு அழகாக வளைந்தது என்பதெல்லாம் அதன் கணக்கில் வராது.

புதிதாக ஆடுபவர்களை வதைக்கும் ஒரு கோளாறு இதனால் விளங்கும். முன்னால் நடந்து போய் ஹடோகென் போடப் பார்ப்பீர்கள், ஷோர்யுகென் எழும்பிவிடும். நடக்கும்போது 6, பிறகு ஹடோகெனுக்காக 2, 3, 6. விளையாட்டின் குறிப்பில் இருப்பது 6236. அதற்குள் 623 ஒளிந்திருக்கிறது. கன்ட்ரோலரின் மேல் எந்தப் பிழையும் இல்லை. எந்தக் கன்ட்ரோலர் வாங்கினாலும் இது நடக்கும். நடையை ஒரு கணம் நிறுத்தி, 5-க்கு வந்து, பிறகு 236 போட வேண்டும்.

ஆகவே கன்ட்ரோலரைத் தேர்ந்தெடுப்பது என்றால், இந்த ஒன்பது எண்களையும் நீங்கள் நினைத்த வரிசையில் நினைத்த நேரத்தில் உங்கள் கை எதன் வழியாகத் தவறாமல் அனுப்புகிறது என்று கண்டுபிடிப்பதுதான். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகு.

கையில் ஏற்கெனவே இருக்கும் பேட்

பெரும்பாலானோர் வீட்டில் இருப்பது பிளேஸ்டேஷன் பேட் அல்லது எக்ஸ்பாக்ஸ் பேட். இரண்டிலும் திசை சொல்ல இரண்டு வழிகள் உண்டு: சிலுவை வடிவ டி-பேட், குடை போல் நிற்கும் அனலாக் குச்சி. ஃபைட்டிங் கேமுக்கு டி-பேடையே பழகுங்கள் என்று நான் அழுத்திச் சொல்வேன். அனலாக் குச்சி எல்லாப் பக்கமும் வழுவழுவென்று சாய்கிறது. எங்கே 6 முடிந்து 9 தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரிவதில்லை. டி-பேடில் அந்த எல்லை விரலுக்கே தட்டுப்படும். விதிவிலக்கு ஸ்மாஷ் பிரதர்ஸ் வரிசை. அங்கே குச்சியை மெதுவாகச் சாய்த்தால் நடை, வேகமாகத் தள்ளினால் ஓட்டம். அனலாக் இல்லாமல் முடியாது. 2001-இல் வந்த கேம்கியூப் பேடை அந்த ஆட்டக்காரர்கள் இன்னும் விடாமல் வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பேட் என்றால் குறைந்தது என்ற எண்ணம் யாருக்காவது இருந்தால், ஃபைட்டிங் கேம்களுக்கென்று ஆண்டுதோறும் நடக்கும் பெரிய போட்டியான ஈவோவை, அதன் 2014-ஆம் ஆண்டுப் போட்டியைச் சொல்வேன். அல்ட்ரா ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4-இல் பட்டம் வென்றவர் பிரான்ஸைச் சேர்ந்த லூஃபி. அவர் கையில் இருந்தது பிளேஸ்டேஷன் 1 காலத்துப் பழைய பேட். சுற்றிலும் பெரிய பெரிய லீவர் பெட்டிகளை மடியில் வைத்திருந்தவர்கள் நடுவே அந்தச் சின்னப் பேடோடு அவர் கோப்பையைத் தூக்கினார்.

பேடில் உண்மையான சிக்கல் பட்டன்களில்தான். ஸ்ட்ரீட் ஃபைட்டருக்கு ஆறு பட்டன் வேண்டும்: மூன்று குத்து, மூன்று உதை. பேடின் முகப்பில் இருப்பது நான்கு. மீதி இரண்டும் பேடின் மேல் விளிம்பில் இருக்கும் தோள் பட்டன்களுக்குப் போகும். இது இன்றைய தொல்லை இல்லை. 1992-இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 சூப்பர் நின்டெண்டோவுக்கு வந்தபோதே தொடங்கியது. செகா நிறுவனம் அடுத்த ஆண்டே முகப்பில் ஆறு பட்டன் வைத்த பேடைத் தன் மெகா டிரைவுக்குக் கொண்டுவந்தது. இன்று ஹோரி ஃபைட்டிங் கமாண்டர் போல ஃபைட் பேட் என்ற பெயரில் விற்பவை அந்தக் குடும்பத்து வாரிசுகள். சாதாரண பேடில் எல்லாம் சரி, கனமான குத்தும் உதையும் மட்டும் நேரத்துக்கு வரவில்லை என்பவர்களுக்கு இதுதான் நேரடியான மருந்து.

எக்ஸ்பாக்ஸ் பேட் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பின்னால் இருக்கும் ட்ரிகர்கள் கார் விளையாட்டுக்கு ஏற்றவை. அழுத்தினால் வெகுதூரம் உள்ளே போகும். காம்போ எனும் தொடர் அடிகளின் நடுவில் வரும் அடியை அங்கே வைத்தால் அந்தத் தூரமே தாமதமாகிவிடும். அரிதாகப் பயன்படும் ஒன்றை அங்கே வைத்துவிட்டு, முக்கியமானவற்றை மேல் தோள் பட்டனுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று வலி. டி-பேடில் மணிக்கணக்கில் உருட்டினால் இடக்கைக் கட்டைவிரல் நுனியில் கொப்புளம் வரும். தோல் காய்த்துப் போனால் அது தீரும். ஆனால் கட்டைவிரலின் அடி மூட்டில் வலி வந்தால் அதைப் பொறுத்துக்கொண்டு ஆட வேண்டாம். ஓய்வு கொடுங்கள். ஓய்வுக்குப் பிறகும் திரும்பத் திரும்ப வந்தால் கன்ட்ரோலரை மாற்றுவதற்கு இதைவிட நல்ல காரணம் எதுவும் கிடையாது.

லீவர்

ஆர்கேட் ஸ்டிக், ஃபைட் ஸ்டிக் என்றெல்லாம் சொல்வார்கள். ஒரு பெட்டி, இடப்பக்கம் லீவர், வலப்பக்கம் எட்டுப் பட்டன். 1991-இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஆர்கேட் கூடங்களை நிறைத்தபோது அதில் இருந்த ஏற்பாடும் இதுதான், பட்டன் மட்டும் ஆறு. 236, 623 எல்லாம் மணிக்கட்டின் இயல்பான அசைவை ஒட்டிப் பிறந்தவை. லீவரைப் பிடித்து ஹடோகென் போட்டுப் பார்த்தால் அந்த அசைவு ஏன் அப்படி அமைக்கப்பட்டது என்று கைக்கே விளங்கும்.

பெட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே அதிசயம் எதுவும் இல்லை. லீவர் தண்டைச் சுற்றி நான்கு சின்ன சுவிட்சுகள். தண்டு சாய்ந்து ஒன்றைத் தொட்டால் அந்தத் திசை. இரண்டை ஒருசேரத் தொட்டால் மூலைத் திசை. அடியில் கேட் என்று ஒரு தட்டு, தண்டு எதுவரை போகலாம் என்று வரம்பு கட்டும். பெரும்பாலும் அது சதுரம். சதுரத்தின் மூலைகளில்தான் 1, 3, 7, 9 இருக்கின்றன. குனிந்து தடுக்க வேண்டுமா, லீவரை 1-ஆவது மூலையில் சாய்த்துப் பிடித்துக்கொண்டால் போதும், அங்கிருந்து வழுக்காது. எண்கோணக் கேட்டும் உண்டு; ஒவ்வொரு திசையிலும் ஒரு பள்ளம் தட்டுப்படும். புதியவர்களுக்கு அது உதவி போலத் தோன்றும். சில நாளில், வட்டம் சுற்றும்போது அந்தப் பள்ளங்களே தண்டை இடறுகின்றன என்று பலர் சதுரத்துக்குத் திரும்பிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். சதுரத்திலேயே தொடங்குவது நல்லது என்பது என் கட்சி.

புதிதாக லீவர் பிடிப்பவர்கள் செய்யும் தவறு, தண்டைக் கேட்டின் சுவரில் மோதும்வரை ஓங்கித் தள்ளுவது. சுவிட்ச் அதற்கு வெகு முன்பே தொட்டுவிடும். நானும் முதல் சில வாரம் வீட்டில் உலக்கை இடிப்பதுபோல் சத்தம் எழுப்பினேன். தோள் வலித்தது, 623-ம் வரவில்லை. பிடியைத் தளர்த்தி, உள்ளங்கையை மேல் பார்க்கத் திருப்பி, மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவே தண்டை விட்டுப் பழகிய பிறகுதான் சரியாயிற்று. எல்லோருக்கும் அந்தப் பிடி ஒத்துவரும் என்று சொல்லமாட்டேன். மேலிருந்து உருண்டையை மூடிப் பிடித்து அற்புதமாக ஆடுபவர்களும் இருக்கிறார்கள். தளர்வு மட்டும் எல்லோருக்கும் பொது.

ஜப்பானிய லீவர் என்றால் பலரும் சொல்வது சான்வா நிறுவனத்தின் ஜேஎல்எஃப். உருண்டைத் தலை, உள்ளே ஸ்பிரிங். செய்மிட்சு நிறுவனத்தின் லீவர்கள் சற்று இறுக்கமானவை. கொரிய லீவர் முற்றிலும் வேறு பிறவி: தலை பேஸ்பால் மட்டையின் நுனி போல நீண்டிருக்கும், ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் வளையம் தண்டைப் பிடித்திருக்கும், விட்டதும் சுருக்கென்று நடுவுக்குத் திரும்பும். டெக்கன் ஆடும் கொரியர்கள் அதை ஏன் விரும்புகிறார்கள் என்று அந்த ஆட்டத்தைப் பார்த்தால் தெரியும். கொரியன் பேக்டாஷ் என்று ஒரு பின்வாங்கும் நடை உண்டு. பின், பின், கீழ்ப்பின், பின் என்று தாளம் தப்பாமல் திரும்பத் திரும்பப் போட்டால் வீரர் அலைபோலப் பின்னால் நழுவிப் போவார். நடுநிலைக்கு எவ்வளவு வேகமாகத் திரும்புகிறதோ அவ்வளவு சுத்தமாக அது வரும். டெக்கனில் வரும் மிஷிமா குடும்பத்து வீரர்களின் எலெக்ட்ரிக் குத்தும் அப்படித்தான்: 6, 5, 2, 3, அந்த 3 விழும் அதே ஃபிரேமில் குத்தும் விழ வேண்டும். நடுவில் இருக்கும் அந்த 5-ஐ, அதாவது எதையும் தொடாத அந்தக் கணத்தை, உங்கள் லீவர் கொடுக்கத்தான் வேண்டும்.

லீவர் பெட்டிக்கு இருக்கும் பெரிய நன்மை, அதைப் பழுது பார்க்கலாம். 30 மில்லிமீட்டர் அளவுப் பட்டன்கள் ஒரு பொது அளவு. ஒன்று போனால் கழற்றிப் புதியதைப் பொருத்தலாம். ஸ்குரூடிரைவர் பிடிக்கத் தெரிந்தால் லீவரையும் மாற்றலாம். பேடில் டி-பேடின் ரப்பர் தேய்ந்துவிட்டால் பெரும்பாலும் பேடையே தூக்கிப் போட வேண்டியதுதான். வாங்குவதற்கு முன் ஒன்று கேளுங்கள்: இதில் லீவரும் பட்டனும் மாற்றும்படி இருக்கின்றனவா? மலிவான சிறிய பெட்டிகள் சிலவற்றில் அந்த வசதி இருக்காது; எடையும் போதாமல் மடியில் வழுக்கும். ஆடும் நேரத்தில் பெட்டி நகர்ந்தால் எத்தனை நல்ல லீவர் இருந்தும் பயனில்லை.

லீவர் இல்லாத பெட்டி

லீவர்லெஸ். ஹிட் பாக்ஸ் என்ற நிறுவனம் இதைப் பரப்பியதால் பலர் எந்த நிறுவனத்துப் பெட்டியையும் ஹிட்பாக்ஸ் என்றே சொல்கிறார்கள். லீவர் இருந்த இடத்தில் மூன்று பட்டன்: மோதிர விரலுக்கு இடம், நடுவிரலுக்குக் கீழ், ஆள்காட்டி விரலுக்கு வலம். குதிக்கும் பட்டன் மட்டும் கீழே பெரிதாக, கட்டைவிரலுக்கு.

ஹடோகெனை இதில் போட்டுப் பார்ப்போம். நடுவிரலால் கீழ்: 2. அதை விடாமல் ஆள்காட்டி விரலால் வலம்: இரண்டும் சேர்ந்து 3. இப்போது நடுவிரலை மட்டும் தூக்கு: 6. ஆர்மோனியத்தில் இரண்டு கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி இறக்குவதுபோல. மூலைத் திசை தவறவே வழியில்லை, ஏனென்றால் மூலை என்பது இரண்டு பட்டன் ஒன்றாக அழுந்தி இருப்பதுதான். தண்டு ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் பயணம் செய்யும் நேரமும் இங்கே மிச்சம்.

இடமும் வலமும் ஒரே நேரத்தில் அழுந்தினால் என்ன ஆகும்? லீவரில் அது நடக்கவே முடியாது. தண்டு ஒரே நேரத்தில் இரு பக்கம் சாயாது. இங்கே முடியும். அப்போது எதை அனுப்புவது என்று பெட்டிக்குள் ஒரு விதி இருக்க வேண்டும். எஸ்ஓசிடி என்று ஆட்டக்காரர்கள் சொல்வது இதைத்தான். இடமும் வலமும் சேர்ந்தால் நடுநிலை என்பது இன்று பரவலான விதி. மேலும் கீழும் சேர்ந்தால் முன்பு மேல் வென்றது; ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 போட்டிகளில் அதுவும் நடுநிலை ஆயிற்று.

இந்த விதி தெரிந்தவர்கள் ஷோர்யுகெனை அழகாகச் சுருக்குவார்கள். வலத்தை அழுத்திப் பிடி: 6. அதை விடாமலே கீழும் இடமும் சேர்த்து அழுத்து: இடமும் வலமும் ஒன்றையொன்று அழித்துவிட, மிஞ்சுவது 2. இடத்தை விடு: 3. குத்து. வலப் பட்டனிலிருந்து விரலை எடுக்கவே இல்லை! முதன்முதலில் இது எனக்குக் கைகூடிய அன்று, வீட்டில் பார்க்க ஆளில்லையே என்று ஏங்கினேன்.

இத்தனை வசதி நியாயமா என்ற வாதமும் கூடவே வந்தது. ஜப்பானின் டைகோ உமேஹாரா லீவரிலேயே பெயர் வாங்கியவர். 2004 ஈவோவில் ஜஸ்டின் வாங்கின் சுன்-லீ பொழிந்த சூப்பர் தாக்குதலின் ஒவ்வோர் அடியையும் கென்னைக் கொண்டு தட்டிவிட்டுத் திருப்பி அடித்தாரே, அவரேதான். அவர் 2019-இல் லீவர் இல்லாத பெட்டி ஒன்றுக்கு மாறியபோது, ஸ்ட்ரீட் ஃபைட்டரை வெளியிடும் கேப்காமின் தொடர் போட்டிகளில் அந்தப் பெட்டிக்கு அனுமதி கிடைக்கவில்லை. பிறகு விதிகள் தெளிவாக்கப்பட்டன. இன்று பெரிய போட்டிகளில் இவ்வகைப் பெட்டிகள் சகஜம். போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால், அந்தப் போட்டியின் எஸ்ஓசிடி விதிக்கு உங்கள் பெட்டியை மாற்ற முடிகிறதா என்று பார்த்து வாங்குங்கள். நல்ல பெட்டிகளில் அமைப்பை மாற்றும் வசதி இருக்கும்.

விலையும் முன்பிருந்ததைப்போல் இல்லை. ராஸ்பெர்ரி பை பிக்கோ என்ற சிறிய பலகை 2021-இல் வந்தது. அதில் ஏற்றி ஓட்ட ஜிபி2040-சிஇ என்ற திறந்த மூல மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. சாலிடர் பிடிக்கத் தெரிந்தவர் வீட்டிலேயே ஒரு பெட்டி செய்துவிடலாம். இதே ஏற்பாட்டில் செய்த மெல்லிய சீனப் பெட்டிகள் லீவர் பெட்டிகளைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. பையில் புத்தகம்போல் செருகிக்கொண்டு போகலாம்.

லீவர்லெஸ் எல்லோருக்கும் ஏற்றதா என்றால், இல்லை என்றே சொல்வேன். நடப்பதே முதல் சில நாள் வினோதமாக இருக்கும். ஸாங்கீஃபின் முழு வட்டம் இங்கே வட்டமே இல்லை, விரல் வரிசை. கையால் திசையை உணர்ந்து ஆட விரும்புபவருக்கு இது தட்டச்சு செய்வதுபோல் இருக்கும். எனக்கு முடிவில் பிடித்துப்போனது. என் நண்பர் ஒருவர் இரண்டே வாரத்தில் விற்றுவிட்டார்.

கீபோர்ட்

கணினியில் ஆடுபவர்கள் காசு செலவழிக்கும் முன் இதை முயன்று பார்க்கலாம். ஏ, எஸ், டி மூன்றும் இடம், கீழ், வலம். ஸ்பேஸ் பார் குதிக்க. கிட்டத்தட்ட லீவர்லெஸ் பெட்டியேதான். ஒரே ஒரு சோதனை: ஏ, எஸ் இரண்டையும் அழுத்திக்கொண்டே வலக்கையால் மூன்று பட்டன்களை ஒன்றாக அழுத்துங்கள். மலிவான கீபோர்ட் சிலவற்றில் மூன்றாவது, நான்காவது பட்டன் பதிவாகாது. அப்படி விழுங்கும் கீபோர்டில் பழக வேண்டாம். உங்கள் பிழை எது, அதன் பிழை எது என்று தெரியாமல் போய்விடும்.

எந்த விளையாட்டு, எந்த வீரர்

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் மாடர்ன் என்ற கட்டுப்பாட்டு முறை இருக்கிறது. ஒரு திசையும் ஒரு பட்டனும் போதும், ஷோர்யுகென் வரும். அதற்கு ஈடாக அடியின் வலு கொஞ்சம் குறையும். அந்த முறையில் ஆடுபவருக்குச் சாதாரண பேடே தாராளம். டெக்கனில் அடிக்கும் பட்டன் நான்குதான், கைக்கு இரண்டு காலுக்கு இரண்டு. பேடின் முகப்புக்கென்றே அளவெடுத்ததுபோல் பொருந்தும். மோர்டல் கோம்பாட்டில் நுட்பங்கள் பெரும்பாலும் பின்-முன், கீழ்-பின் என்று தட்டித் தட்டிப் போவதால் டி-பேட் அங்கே ராஜா. கைல் போல அழுத்திப் பிடிக்கும் வீரர்களுக்கு லீவர்லெஸ் கொண்டாட்டம். ஸாங்கீஃப் பிரியர்கள் பலர் இன்னும் லீவரை விடுவதில்லை.

இணைப்பு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கணினி ஏறக்குறைய எதையும் ஏற்கும். பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் இரண்டும் அப்படி எல்லாவற்றையும் ஏற்காது. பெட்டியின் மேல் உங்கள் கன்சோலின் பெயர் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள், கடைக்காரர் வாய்ச்சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். கம்பியுள்ளதையே வாங்குங்கள். ஆட்டத்தை நிறுத்தி வைக்கும் பட்டனைப் பூட்டும் வசதி இருந்தால் நல்லது. 2015 ஈவோ இறுதிப் போட்டியில் ஜப்பானிய ஆட்டக்காரர் மொமோச்சியின் ஸ்டிக் நடுவில் கோளாறாகி ஆட்டம் நின்றது; விதிப்படி ஒரு சுற்றை அவர் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. அதன் பிறகும் அவர் வென்றார் என்பது வேறு விஷயம்.

இன்றிரவே செய்து பார்க்க ஒரு சோதனை

ட்ரெய்னிங் மோடுக்குப் போய், இன்புட் டிஸ்ப்ளே என்று இருப்பதை இயக்குங்கள். நீங்கள் அனுப்பும் திசைகளும் பட்டன்களும் திரையோரம் வரிசையாக விழும். வலப்பக்கம் பார்த்து 236 பத்து முறை, 623 பத்து முறை. பிறகு இடப்பக்கம் பார்த்து அதே. வந்ததையும் வராததையும் ஒரு தாளில் குறியுங்கள். வராத ஒவ்வொன்றுக்கும் திரையோரத்தைப் பார்த்து எந்த எண் காணாமல் போயிற்று, எந்த எண் கேட்காமல் நுழைந்தது என்று எழுதுங்கள். வேகம் வேண்டாம்.

மூலை எண் 3 அடிக்கடி காணாமல் போகிறது என்றால் விரல் டி-பேடின் மேல் உருளாமல் தாவுகிறது. உருட்டிப் பழகினால் போதும். அப்படியும் பல வாரம் வரவில்லை என்றால் லீவரோ லீவர்லெஸ்ஸோ யோசிக்கலாம். திசை எல்லாம் சரி, பட்டன்தான் பிந்துகிறது என்றால் பட்டன்களை இடம் மாற்றுங்கள், அல்லது ஆறு பட்டன் பேடைப் பாருங்கள். ஒரு பக்கம் நன்றாக வந்து மறுபக்கம் வரவில்லை என்றால் கன்ட்ரோலரை மாற்றவே வேண்டாம். அந்தப் பக்கம் நின்று பழக வேண்டும். அப்படியே புதிதாக வாங்கினாலும், முதல் மூன்று நான்கு வாரம் பழையதில் வந்ததுகூட வராது. அந்த வாரங்களில் தோற்பதை வைத்துப் புதுக் கருவியைத் தீர்மானிக்காதீர்கள். முடிந்தால் யாரிடமாவது இரவல் வாங்கி ஓரிரு நாள் ஆடிப் பாருங்கள்.

அன்று மருமகன் ஷோர்யுகென் போட்டபோது திரையோரத்தில் விழுந்தது: 6, 9, 5, 2, 3, குத்து. அந்த 9-தான் குதிப்பு. அவன் அனலாக் குச்சியில் ஆடிக்கொண்டிருந்தான். முன்னால் தள்ளும் வேகத்தில் குச்சி ஒரு இழை மேலே ஏறியது. ரியூ உடனே தரையை விட்டுக் கிளம்பிவிட்டான். காற்றில் இருப்பவனுக்கு ஷோர்யுகென் எங்கிருந்து வரும்?

"டா, கட்டைவிரல ரெண்டு அங்குலம் மேல வை" என்று டி-பேடைக் காட்டினேன். முதல் பத்தில் மூன்று வந்தது. டீ குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தோம். வலப்பக்கம் பார்த்து பத்துக்கு எட்டு. இடப்பக்கம் நான்கு. அக்காவிடம் நான் எதுவும் பேசவில்லை. ஊருக்குக் கிளம்பும் காலையில் எட்டிப் பார்த்தேன். ரியூவை இடப்பக்கம் திருப்பி நிறுத்திவைத்து, தாளில் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருந்தான். "ஆறு மாமா" என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.